கோப்பியாபோவா வாங்குகிற, விற்கிற நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கள்ளி நண்பர்களுக்கு,

வணக்கம். மாடியிலும் பால்கனியிலும் ஜன்னல் திட்டிலும் கள்ளி வளர்க்கிறவர்கள், வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், நம் வாட்ஸ்அப் குழுக்களை நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே, கோப்பியாபோவா என்கிற சிலி நாட்டுக் கள்ளியைப் பற்றி இந்த மடல். நானும் உங்களில் ஒருவன்தான். மதுரையில் மொட்டை மாடியில் பதினாறு வருஷமாகக் கள்ளி வளர்க்கிறேன். உங்களில் பலரோடு விதை மாற்றியிருக்கிறேன். மண் கலவையில் செங்கல் ஜல்லி எவ்வளவு போடுவது என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை வாதாடியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு குழுவில் ஒரு படம் வந்தது. விரித்த செய்தித்தாளின் மேல் சாம்பல் பூத்த உருண்டைச் செடி ஒன்று. கறுத்த முள். அடியில் வெட்டுப்பட்ட வேர் காய்ந்துபோய்க் கட்டைவிரல் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "கோப்பியாபோவா, ஹேபிடட் பிளான்ட், ஓல்டு ஸ்பெசிமன், ஒரே பீஸ்" என்று கீழே எழுதியிருந்தார்கள். விலை போடவில்லை, தனியாகக் கேட்கச் சொல்லியிருந்தார்கள். பத்து நிமிஷத்துக்குள் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

ஹேபிடட் பிளான்ட் என்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அது நர்சரியில் முளைத்த செடி இல்லை. பாலைவனத்தில் தானாக முளைத்து, தானாகவே பல பத்து வருஷம் வளர்ந்த செடியை யாரோ ஒருவர் பெயர்த்து எடுத்திருக்கிறார். நம் குழுக்களில் இந்தச் சொல் ஏதோ தரச் சான்றிதழ் மாதிரி ஓடுகிறது. இனிமேல் அந்தச் சொல்லைப் பார்த்தால் பெயர்த்தவரின் கடப்பாரை உங்கள் கண்ணில் தெரிய வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

நான் யோக்கியன் என்று சொல்லிக்கொண்டு இதை எழுதவில்லை. 2012இல் நானே ஒன்று வாங்கினேன். யாரிடம் வாங்கினேன் என்பது இங்கே தேவையில்லை. சின்னத் தேங்காய் அளவு இருக்கும். பஞ்சில் சுற்றி அட்டைப் பெட்டியில் வந்தது. சீட்டில் 'கோப்பியாபோவா சினெரியா' என்று பேனாவால் எழுதியிருந்தது. பிரித்துக் கையில் எடுத்தபோது விபூதி பூசின மாதிரி வெள்ளை, தொட்ட இடத்தில் விரல் ரேகை பதிந்தது. விலா மடிப்புகளுக்குள் நம் ஊர் மண் போலவே இல்லாத பொடிக்கல் சிக்கியிருந்தது. ஒரு பக்கத்தில் காசு அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் பாசிப் படலம் ஒட்டியிருந்தது. ஏதோ நோய் என்று நினைத்து அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டேன்.

செடியின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பெட்டியில் வைத்தவர்கள் சரியாக வைக்கவில்லை, அதனால்தான் கோணிவிட்டது என்று முடிவுகட்டி, நிமிர்த்தி, பக்கத்தில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து நட்டேன். பார்க்க அழகாக இருந்தது. போட்டோ போட்டேன். நிறையப் பேர் பாராட்டினார்கள்.

அந்தச் சாய்வு கோணல் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐந்தாறு வருஷம் ஆனது. அதற்குள் செடி செத்துவிட்டது.

சிலி நாட்டின் வட கடற்கரையில்தான் கோப்பியாபோவாக்கள் இருக்கின்றன. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. கோப்பியாப்போ என்ற ஊரின் பெயரைத்தான் 1922இல் பிரிட்டன், ரோஸ் என்ற இரண்டு அமெரிக்கத் தாவரவியலாளர்கள் இந்தப் பேரினத்துக்கு வைத்தார்கள். அதற்கும் முன்பே, 1853–54இல் அட்டகாமா பாலைவனத்தில் பயணம் போன பிலிப்பி என்பவர் சினெரியாவைப் பார்த்து 1860இல் விவரித்திருந்தார். சினெரியா என்றால் சாம்பல் நிறத்தது என்று பொருள்.

அட்டகாமாவில் மழை என்பது அநேகமாகக் கிடையாது. கிழக்கே ஆண்டிஸ் மலை, அமேசான் பக்கத்து ஈரத்தை அங்கேயே நிறுத்திவிடுகிறது. மேற்கே கடலில் தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவருகிறது. குளிர்ந்த கடலை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்கிவிடுகிறது. அதன் மேல் சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. மேகம் மேலே எழும்பவும் முடியாது, மழையாகக் கொட்டவும் முடியாது. கடலோர மலைகளில் வந்து மோதி மூடுபனியாக நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் இதைக் காமன்சாக்கா என்கிறார்கள். ராத்திரியில் ஏறி, காலையில் வெயில் வந்ததும் விலகும். மதுரையில் ஐப்பசி மாதத்தில் ஒரே சாயங்காலம் அடித்துப் பெய்கிற மழை, அங்கே பல வருஷத்து மழைக்குச் சமம். பல வருஷம் மழையே இல்லாத இடங்களிலும் இந்தச் செடி உயிரோடு இருக்கிறது என்றால் அந்தப் பனியால்தான். முள்ளில் படிகிற ஈரம் துளியாகித் தரையில் சொட்டும். தரைக்குக் கொஞ்சம் கீழே பரவிக் கிடக்கும் மெல்லிய வேர்கள் அதைக் குடிக்கும். பகலில் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி ஈரத்தில் திறந்து, கரியமில வாயுவை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். அது வாழ்வதெல்லாம் ராத்திரியில்தான்.

இந்தச் செடியைப் பார்க்க நான் போக விரும்புகிற இடம் சான்யரால் ஊருக்கு வடக்கே இருக்கிற பான் தெ அசூகார் தேசியப் பூங்கா. அங்கே கொலும்னா-ஆல்பா என்கிற வகை சரிவு முழுக்க நிற்கிறது. தூண் தூணாக, வெள்ளையாக, ஆயிரக்கணக்கில். எடுத்த படங்களைப் பாருங்கள், ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். எல்லாச் செடியும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், வடக்கே. பள்ளியில் காலை வணக்கத்துக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கும்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே அவ்வளவு தூரத்தில் நடுப்பகல் சூரியன் வட வானத்தில்தான் இருக்கும். செடி தன் தலையை அந்தப் பக்கம் சாய்த்து வைத்தால் வளரும் முனைக்கும் மொட்டுக்கும் நேர் வெயில் கிடைக்கும். பனி மூடிய குளிர்ந்த கடற்கரையில் அந்தச் சூடு இல்லாமல் பூ வராது. அதேசமயம் உடம்பின் பக்கங்களில் வெயில் சரிவாக விழும், சூடு ஏறாது. ஆராய்ச்சியாளர்கள் அங்கேயே போய் வெப்பம் அளந்து பார்த்து இதை எழுதியிருக்கிறார்கள். நடுவில் பஞ்சு மாதிரி ரோமம், அதற்குள்ளிருந்து மஞ்சள் பூ. முனையில் சூடு, பக்கத்தில் நிழல், மேலே வெள்ளை மெழுகுப் பூச்சு. இப்படித்தான் அது அந்த இடத்தில் பிழைத்திருக்கிறது.

நான் கல்லை முட்டுக்கொடுத்து நிமிர்த்தியது அந்தச் சாய்வைத்தான். என்னைவிட வயதில் மூத்த ஒரு செடி தன் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த திசை அது. அந்தப் பாசிப் படலமும் நோய் இல்லை. பனி ஏறுகிற இடங்களில் கள்ளிமேல் தானாக வளரும் லைக்கன், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர். அது எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சியை நானே தேய்த்து அழித்தேன்.

இரண்டாவது வடகிழக்குப் பருவமழையில் செடி போய்விட்டது. மேலே பிளாஸ்டிக் கூரை போட்டிருந்தேன், ஆனாலும் மதுரைக் காற்றின் ஈரமும் புழுக்கமும் போதுமானதாக இருந்தது. ஒரு நாள் காலை அடியில் விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கியது. கத்தியால் வெட்டிப் பார்த்தேன். பழுப்பு நிறம் நடுத் தண்டு வழியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது, அழுகின வெங்காய வாடை. சுத்தமான சதை வரும்வரை சீவிச் சீவி, கந்தகப் பொடி போட்டு, நிழலில் காய வைத்தேன். மேலே மிஞ்சியது அரை உள்ளங்கை அளவு. அது வேர் விடவே இல்லை. நாலு மாதத்தில் சுருங்கிக் கல்லாகிவிட்டது.

காட்டில் இந்தச் செடி வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. அப்படியென்றால் என் தேங்காய் அளவுச் செடி எத்தனை வருஷத்தின் செடி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நம் ஊரில் எல்லோர் மனதிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: கள்ளியை எங்கே தூக்கிப் போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். அது சப்பாத்திக்கள்ளியைப் பார்த்து வந்த நம்பிக்கை என்று நினைக்கிறேன். சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். சாயப் பூச்சி வளர்ப்பதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் அதற்கென்று தோட்டமே போட்டார். ஒரு மடலை ஒடித்துப் போட்டால் போதும், வேர் விட்டுவிடும். வேலியாக, புதராக ஊர் ஊராகப் பரவியது. அப்புறம் நமக்குப் பழகிப்போன சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் இருக்கின்றன. ஒடித்தால் பால் வரும், குடும்பமே வேறு, ஆனால் அவையும் முரட்டுச் செடிகள். இவற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கோப்பியாபோவாவும் கள்ளிதானே, எப்படியும் வளரும் என்று தோன்றிவிடுகிறது. அது அப்படிப்பட்ட செடி இல்லை. பனி, கடல், மலைச் சரிவு, வடக்கு வெயில் என்று நாலும் சேர்ந்த ஓர் ஒடுங்கிய பட்டையில் மட்டும் இருக்கிற செடி. சில வகைகள் ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் இருக்கின்றன. லாவுய் என்று ஒரு குட்டி வகை உண்டு. நாணயம் அளவுகூட இருக்காது, வறட்சியில் மண்ணுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். தெரிந்த ஆள் ஒருவர் ஒரு பையோடு போனால் ஒரே நாளில் ஒரு கூட்டத்தையே துடைத்துவிடலாம்.

அப்படித் துடைக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டுமா? 2020 பிப்ரவரியில் இத்தாலியில் செனிகாலியா என்கிற ஊரில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் காவல்துறை சோதனை போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகள். பெரும்பாலும் கோப்பியாபோவா, கொஞ்சம் எரியோசைஸ் என்கிற இன்னொரு கள்ளிப் பேரினம். எல்லாம் சிலியின் பாலைவனத்திலிருந்து பெயர்த்து எடுத்தவை. சில செடிகளுக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். கள்ளச் சந்தையில் மொத்த மதிப்பு பத்து லட்சம் டாலருக்கும் மேல். அந்த வழக்குக்கு ஆபரேஷன் அட்டகாமா என்று பெயர். அடுத்த வருஷம், 2021இல், 844 செடிகளைச் சிலிக்கே திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் திருடின கள்ளி சொந்த நாட்டுக்குப் போனது அபூர்வமான செய்தி. அதைப் படித்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நாடு திரும்பிய செடி நேரே தன் மலைக்குப் போய்விட முடியாது. எந்தச் சரிவில் எடுத்தது என்று தெரியாது. வேறு செடிகளோடு கலந்து இருந்ததால் பூச்சியையோ பூஞ்சையையோ கொண்டுபோய் நல்ல கூட்டத்தில் விட்டுவிடும் ஆபத்து உண்டு. முதலில் தனிமைப்படுத்தித்தான் வைக்க வேண்டும். பெயர்த்து எடுக்க ஐந்து நிமிஷம் போதும். திரும்ப நட வழி தேட வருஷங்கள் ஆகின்றன.

2024 ஜூனில் ஐயூசிஎன் என்கிற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அழிவு ஆபத்தில் இருக்கும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது சொன்ன எண்ணிக்கை இது: கோப்பியாபோவா இனங்களில் 82 சதவீதம் அழிவு ஆபத்தில் இருக்கின்றன. 2013இல் இது 55 சதவீதம். இடையில் என்ன நடந்தது? காலநிலை மாறுகிறது, சாலையும் கட்டடமும் வருகின்றன, அது உண்மை. ஆனால் அலங்காரச் செடிக்காக ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருக்கும் தேவையையும், சமூக ஊடகங்களில் நடக்கும் விற்பனையையும் அவர்கள் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்கள். ஆசியாவிலும் என்று படித்தபோது நம் குழுப் படம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பனி குறைவதற்கு நாம் என்ன செய்ய முடியும், எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே "விலை?" என்று கேட்பவர்கள் நாம்தான்.

"நான் வாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன, ஏற்கெனவே பெயர்த்தாகிவிட்டதே" என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். நல்ல மனிதர், செடிமேல் உயிரையே வைத்திருப்பவர். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பெயர்த்த செடி விற்றுப்போனால் அடுத்த பெட்டிக்கு ஆர்டர் போகும். விற்காமல் தேங்கிவிட்டால் போகாது. வியாபாரத்தில் இதைவிடப் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை.

"நான் அதைக் காப்பாற்றுகிறேன்" என்பவர்களும் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிப்பு இல்லாத ஒற்றைச் செடி ஒரு தொட்டியில் இருப்பது இனத்தைக் காப்பாற்றுவது ஆகாது. கள்ளிகளில் பலவும் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. துணை இல்லாமல் பூத்துப் பூத்து உதிரும். காட்டில் அதே செடி நின்றிருந்தால் ஒவ்வொரு பூப் பருவத்திலும் தேனீ வந்து போயிருக்கும், விதை விழுந்திருக்கும்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? இது நம் கையில் இருக்கிற விஷயம். தோட்டத்தில் விதை போட்டு வளர்த்த கோப்பியாபோவா பெரும்பாலும் பச்சையாகவோ பழுப்புப் பச்சையாகவோ இருக்கும், ஒரே சீராக உருண்டிருக்கும், முள் புதிதாக இருக்கும். காட்டுச் செடி சாம்பலாக, தூசி படிந்த மாதிரி இருக்கும். அடிப்பாகம் தேய்ந்து மரக்கட்டை போலிருக்கும். ஒரு பக்கம் வெயில் தழும்பு, மறுபக்கம் வேறு மாதிரி. மொட்டை வேர், வெட்டுக் காயம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். நாம் ஆசைப்பட்டுக் கூடுதல் காசு கொடுக்கிற லட்சணங்கள் எல்லாம் அப்படியே திருட்டின் அடையாளங்கள். இதை எழுதும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அந்தச் சாம்பல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பனியும் வெயிலும் பல பத்து வருஷம் போட்ட பூச்சு. காசு கொடுத்து அந்த வருஷங்களை வாங்க முடியாது. அந்த இடத்திலிருந்து பறிக்க மட்டும்தான் முடியும்.

சட்டமும் இருக்கிறது. சில பேரினங்கள் நீங்கலாகக் கள்ளிக் குடும்பம் முழுவதுமே காட்டு உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. 2022இல் திருத்திய நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் அந்தப் பட்டியல் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து செடி வர வேண்டுமென்றால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தனியாக வேண்டும். விற்பவரிடம் இந்தக் காகிதங்களைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நேர்மையாகக் கொண்டுவந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

குழு நடத்துகிறவர்களிடம் தனியாக ஒரு கோரிக்கை. ஹேபிடட், ஃபீல்டு கலெக்டட், வைல்ட் என்று போட்டு வரும் விற்பனைப் பதிவுகளை அன்றைக்கே நீக்குங்கள். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கோப்பியாபோவாவுக்கும் விதை போட்ட வருஷத்தையும் யார் வளர்த்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரி போதும். அப்புறம், அழகுப் போட்டி நடத்தும்போது பெயர்த்த செடிக்குப் பரிசு கொடுக்காதீர்கள். விதையிலிருந்து எட்டு வருஷம் வளர்த்த பச்சைச் செடிக்குக் கொடுங்கள்.

விற்கிற நண்பர்களுக்கும் ஒன்று. உங்களில் சிலர் வருஷக்கணக்கில் விதை போட்டு, நாற்று எடுத்து, டிராகன் ஃப்ரூட் தண்டில் ஒட்டுக்கட்டி வளர்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பொறுமைக்கு நியாயமான விலை கிடைப்பதில்லை. பக்கத்திலேயே பெயர்த்து வந்த கிழச்செடி 'ஒரிஜினல்' என்று பெயர் வாங்கிக்கொண்டு போகிறது. இந்த மடல் உங்களுக்கு எதிரானது இல்லை. உங்கள் நாற்றை வாங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

என் மாடியில் இப்போது கோப்பியாபோவா நாற்று இருக்கிறது. தோட்டச் செடியில் காய்த்த விதை, நண்பர் ஒருவர் கொடுத்தது. மிளகைவிடச் சின்னதாக, கறுப்பாக, பளபளவென்று இருந்தது. சலித்த மணலும் பெர்லைட்டும் கலந்து, தூவி, மேலே கண்ணாடி மூடி வைத்தேன். பத்து நாளில் பச்சைப் புள்ளி புள்ளியாகக் கிளம்பியது. மூன்று வருஷம் முடிந்து இப்போது கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கின்றன. பழுப்புப் பச்சை நிறம். உச்சியில் வெள்ளை ரோமம் துளிர்த்திருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். சாம்பல் பூச்சு வரவில்லை. நம் வெயிலில் அது வராமலே போகலாம். எனக்குப் பரவாயில்லை.

நாற்பது நாற்றுகள் தேறியிருக்கின்றன. எனக்குப் பத்து போதும். மீதி முப்பதையும் காசு வாங்காமல் கொடுக்கிறேன். தை மாதம் மழை ஈரம் எல்லாம் வடிந்தபின் தொட்டி மாற்றலாம் என்று இருக்கிறேன். வேண்டும் என்பவர்கள் குழுவிலேயே சொல்லுங்கள். சின்ன மண்தொட்டி ஒன்று கொண்டுவந்தால் போதும், மண் கலவை நான் தருகிறேன். செங்கல் ஜல்லி எவ்வளவு என்பதை அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு கள்ளி வளர்ப்பவன்